மின்னியற்றியில் இயக்க ஆற்றல் மின்சாரமாக மாறுவது எந்த இடத்தில்?

வகுப்பறை எழுதியது:

வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு மின்காந்தத் தூண்டல் பாடம் நடத்தி வருகிறேன். காந்தப்புலத்தில் சுருள் சுழலும்போது அதனூடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது, பாயம் மாறும் வீதத்துக்கு ஏற்ப மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது என்பது வரை மாணவர்கள் தடையின்றி வந்துவிடுகிறார்கள். அதற்கு அப்பால்தான் சிக்கல். சுருள் காந்தத்தைத் தொடுவதில்லை. எத்தனை யூனிட் மின்சாரம் எடுத்தாலும் காந்தம் அதற்காகக் கரைந்து போவதில்லை. அச்சும் ஒரே வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் எஞ்சினில் எரிந்த டீசலின் ஆற்றல் எந்த வழியாகக் கம்பிக்குள் போய்ச் சேருகிறது? "இயந்திர ஆற்றல் மின்னாற்றலாக மாறுகிறது" என்ற ஒற்றை வரியோடு பாடநூல் அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறது. சூத்திரத்தைப் பிழையில்லாமல் எழுதும் மாணவர்கூட, விளக்கைப் போட்டால் எஞ்சின் ஏன் திணற வேண்டும் என்று கேட்டால் பதில் தெரியாமல் நிற்கிறார். விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்க வேண்டுகிறேன்.

அச்சுத்தண்டு எழுதியது:

மிக நல்ல கேள்வி. மின்னியற்றியைப் பற்றிய பெரும்பாலான விளக்கங்கள் மின்னழுத்தம் எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லி நின்றுவிடுகின்றன. ஆற்றல் எப்படிக் கைமாறுகிறது என்பதற்குள் போவதே இல்லை. இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பதை முதலில் மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டுங்கள்.

முனைகளில் எதையும் இணைக்காமல் மின்னியற்றியைச் சுழற்றினால் மின்னழுத்தம் முழுமையாகவே இருக்கும். ஆனால் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாததால் வெளியே போகும் ஆற்றலும் இல்லை. அந்த நிலையில் எஞ்சின் செலவிடுவதெல்லாம் தாங்கியின் உராய்வு, காற்றைக் கிளறும் இழப்பு, இரும்பு உள்ளகத்தின் இழப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே. சுவிட்சைப் போட்ட கணத்தில் சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. மின்னோட்டம் பாயும் கம்பி காந்தப்புலத்தில் இருந்தால் அதன்மீது விசை செயல்படும் என்பது உங்கள் மாணவர்கள் மோட்டார் பாடத்திலேயே படித்ததுதான். அந்த விசையின் திசை எப்போதும் சுழற்சிக்கு எதிராகவே அமைகிறது. இதைத்தான் 1834-இல் லென்ஸ் என்ற இயற்பியலாளர் ஒரு விதியாக வகுத்தார். ஆக, சுழலும் ஒவ்வொரு மின்னியற்றிக்குள்ளும் பின்னோக்கி இழுக்கும் ஒரு மோட்டார் ஒளிந்திருக்கிறது. சுழற்சியைத் தடுக்கும் அந்தத் திருகு விசையை, அதாவது எதிர் முறுக்குவிசையை, வென்று அச்சைச் சுழற்றுவதற்காக எஞ்சின் செய்யும் வேலைதான் மின்னாற்றலாக வெளிவருகிறது. இந்த எதிர்ப்பு இல்லையென்றால் ஆற்றல் மாற்றமும் இல்லை.

ஒரு சிறு கணக்கு: 1 கிலோவாட் ஹீட்டரை இணைக்கிறோம், மின்னியற்றியின் செயல்திறன் 90 விழுக்காடு, வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று என்று கொள்வோம். அச்சு ஏறத்தாழ 1110 வாட் வழங்க வேண்டும். 1500 சுற்று என்பது வினாடிக்கு 157 ரேடியன். எனவே எதிர் முறுக்குவிசை சுமார் 7 நியூட்டன் மீட்டர். இன்னொரு ஹீட்டரையும் சேர்த்தால் வேகம் மாறாது. முறுக்குவிசைதான் ஏறத்தாழ இரட்டிப்பாகும். திறன் என்பது முறுக்குவிசையையும் கோண வேகத்தையும் பெருக்கி வருவது. அச்சு ஒரே வேகத்தில் சுற்றுகிறது என்று நீங்கள் குறிப்பிட்டது சரியே. கண்ணுக்குத் தெரியாத மற்றொரு காரணிதான் மாறிக்கொண்டிருக்கிறது.

வகுப்பில் இதைக் கையால் உணர வைக்கலாம். பழைய பிரிண்டரில் இருந்து கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று போதும். கம்பிகள் தனித்தனியே இருக்கும்போது அச்சை விரல்களால் திருகச் சொல்லுங்கள். சிறு சிறு படிகளாகத் தட்டித் தட்டிச் சுற்றும். பிறகு ஒரு சுருளின் இரு முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு மீண்டும் திருகச் சொல்லுங்கள். அச்சு விறைத்துக்கொள்ளும். வேகமாகத் திருக முயன்றால் இன்னும் விறைக்கும். கம்பிகளைப் பிரித்தவுடன் பழையபடி இளகிவிடும். உள்ளே எந்தப் பாகமும் இடம் மாறவில்லை, மின்னோட்டத்துக்கு ஒரு வழி திறந்தது என்பதே வேறுபாடு.

இரவுப்பணி எழுதியது:

பெரிய கட்டடம் ஒன்றின் ஜெனரேட்டர் அறையில் வேலை செய்கிறேன். மேலே சொன்னதை நாங்கள் காதாலேயே கேட்கிறோம். லிஃப்ட் மோட்டார் எடுக்கும் கணத்தில் எஞ்சினின் ஒலி சட்டென்று தாழ்ந்து, புகைபோக்கியில் கருமை தோன்றி, ஓரிரு வினாடியில் ஒலி மீண்டும் நிமிரும். மீட்டரைப் பார்த்தால் 50 ஹெர்ட்சில் இருந்த அதிர்வெண் சற்று இறங்கி, பிறகு ஏறும். லோடு வந்ததும் எதிர்ப்பு கூடுகிறது, வேகம் சிறிது குறைகிறது, அதை எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் என்ற அமைப்பு உணர்ந்து டீசலைக் கூடுதலாகத் திறந்துவிடுகிறது. எரிபொருள் கூடிய பிறகுதான் வேகம் பழைய இடத்துக்கு வருகிறது.

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி அளவுக்கு வெப்ப ஆற்றல் உண்டு. நல்ல நிலையில் உள்ள ஜெனரேட்டர் செட் அதிலிருந்து 3 முதல் 4 யூனிட் (கிலோவாட் மணி) வரை தரும். மீதி பெரும்பாலும் புகையோடும் ரேடியேட்டர் காற்றோடும் போய்விடுகிறது. இந்த இழப்பில் எஞ்சினின் பங்கே மிகப் பெரியது, மின்சாரம் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்நேட்டரின் பங்கு சிறியது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

காந்தக்கோடு எழுதியது:

அச்சுத்தண்டு அவர்களின் விளக்கம் தெளிவாக இருந்தாலும் அதற்குள் ஒரு முடிச்சு மீதமிருக்கிறது. காந்த விசை எப்போதும் மின்னூட்டத்தின் திசைவேகத்துக்குச் செங்குத்தாகவே செயல்படும். ஆகவே அது எந்த வேலையும் செய்யாது என்பது இயற்பியலின் அடிப்படை. வேலையே செய்யாத ஒரு விசை எலக்ட்ரானைக் கம்பி நெடுகத் தள்ளி விளக்கை எரிய வைப்பது எப்படி? எஞ்சின் கம்பியைத்தான் தள்ளுகிறதே தவிர எலக்ட்ரானை நேரடியாகத் தொடவில்லை. ஆசிரியர் கேட்ட கேள்வியின் அடி ஆழம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அச்சுத்தண்டு எழுதியது:

காந்தக்கோடு அவர்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். இதைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

நீளமான நேர்கம்பி ஒன்றைக் காந்தப்புலத்துக்குக் குறுக்காக, வலப்பக்கம் v என்ற வேகத்தில் நகர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கம்பிக்குள் இருக்கும் மின்னூட்டமும் அதே வேகத்தில் வலப்பக்கம் போகிறது. இந்த நகர்வினால் அதன்மீது செயல்படும் காந்த விசை கம்பியின் நீளவாக்கில் அமையும். அதுவே மின்னூட்டத்தைக் கம்பி நெடுகத் தள்ளுகிறது. சுற்று மூடியிருந்தால் மின்னூட்டம் u என்ற சிறு வேகத்தில் கம்பி வழியே ஓடத் தொடங்கும். இப்போது மின்னூட்டத்துக்கு இரண்டு நகர்வுகள்: ஒன்று கம்பியோடு சேர்ந்து வலப்பக்கம், மற்றொன்று கம்பி நெடுக. இரண்டாவது நகர்வின் காரணமாகவும் அதன்மீது ஒரு காந்த விசை செயல்படுகிறது. அதன் திசை இடப்பக்கம், அதாவது கம்பியின் நகர்வுக்கு எதிர்.

மின்னூட்டம் q, காந்தப்புலம் B என்றால், முதல் விசை நீளவாக்கில் செய்யும் வேலை வினாடிக்கு qvB பெருக்கல் u. இரண்டாம் விசை செய்யும் வேலை quB பெருக்கல் v. ஆனால் அது நகர்வுக்கு எதிராக இருப்பதால் எதிர்க்குறி பெறுகிறது. இரண்டையும் கூட்டினால் சரியாகச் சுழி. ஆகவே காந்தப்புலம் மொத்தத்தில் எந்த வேலையும் செய்யவில்லை என்ற விதிக்கு ஊறு நேரவில்லை. நடப்பது என்னவென்றால், மின்னூட்டத்தை இடப்பக்கம் இழுக்கும் விசையைக் கம்பி தன் பக்கத்திலிருந்து வலப்பக்கம் தள்ளி ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. கம்பியை அச்சு தள்ளுகிறது. அச்சை எஞ்சின் தள்ளுகிறது. எஞ்சின் குறுக்குவாக்கில் கொடுக்கும் வேலையை வாங்கி, அதே அளவை நீளவாக்கில் திருப்பிக் கொடுக்கும் தரகராகவே காந்தப்புலம் இருக்கிறது. தரகு என்று அது எதையும் பிடித்துக்கொள்வதில்லை. காந்தம் தீர்ந்து போகாததற்குக் காரணமும் இதுவே.

நான் எடுத்துக்கொண்டது கம்பி நகரும் அமைப்பு. பெரும்பாலான பெரிய மின்னியற்றிகளில் கம்பி அசையாமல் இருக்க, காந்தம் சுழல்கிறது. அங்கே மாறும் காந்தப்புலம் தோற்றுவிக்கும் மின்புலம்தான் எலக்ட்ரானைத் தள்ளுகிறது. எதிர் முறுக்குவிசை, காந்தத்தைச் சுமந்து சுழலும் பகுதியான ரோட்டாரின்மீது விழுகிறது. பார்க்கும் கோணம் மாறினாலும் வரவு செலவுக் கணக்கு மாறாது.

வகுப்பறை எழுதியது:

இரு விசைகளாகப் பிரித்துக் காட்டியது மிகவும் பயனுள்ளது. இதைப் பன்னிரண்டாம் வகுப்பில் அப்படியே கரும்பலகையில் போட முடியும். இதையொட்டி ஓர் ஐயம். பெரிய மின்னியற்றிகளில் நிலைக்காந்தம் இல்லை, மின்காந்தம்தான் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். அந்த மின்காந்தத்துக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும் அல்லவா? அந்த மின்சாரம் வெளியீட்டோடு சேர்ந்து போகிறதா?

இரவுப்பணி எழுதியது:

சேர்ந்து போவதில்லை. ரோட்டார் சுருளில் பாயும் நேர்திசை மின்னோட்டம் காந்தப்புலத்தை நிறுத்தி வைப்பதற்கு மட்டுமே. புலம் நிலைபெற்ற பிறகு அங்கே செலவாகும் மின்சாரம் முழுவதும் அந்தச் சுருளின் செம்பைச் சூடாக்குவதில் போய்விடும். பெரிய இயந்திரங்களில் இது மொத்த வெளியீட்டில் ஏறத்தாழ ஒரு விழுக்காடோ அதற்கும் குறைவோ இருக்கும்.

எங்களைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் முக்கியமானது எஞ்சு காந்தம். நீண்ட நாள் ஓடாமல் கிடந்த சிறிய செட்டை இயக்கினால் எஞ்சின் சீராக ஓடும், வோல்ட்மீட்டர் மட்டும் அசையாது. ரோட்டாரின் இரும்பில் தங்கியிருக்க வேண்டிய சிறிதளவு காந்தம் போய்விட்டது என்று பொருள். அந்தச் சிறு காந்தம் இருந்தால்தான் தொடக்கத்தில் சில வோல்ட் உண்டாகும். அந்தச் சில வோல்ட், காந்தப்புலத்தை உண்டாக்கும் புலச் சுருளுக்குப் போய்க் காந்தத்தை வலுவாக்கும். வலுவான காந்தம் மேலும் வோல்ட்டைக் கூட்டும். இப்படி ஏறி ஏறி முழு அழுத்தத்துக்கு வந்ததும் ஏவிஆர் என்னும் தானியங்கி மின்னழுத்தச் சீராக்கி அதைப் பிடித்து நிறுத்தும். காந்தம் போய்விட்ட செட்டுக்கு ஏவிஆர் இணைப்பைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பேட்டரியை முனை மாறாமல் புலச் சுருளில் சிறிது நேரம் தொட வைப்போம். அதன் பிறகு பெரும்பாலும் அழுத்தம் எழுந்துவிடும். முறையாகப் பயின்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது.

காந்தக்கோடு எழுதியது:

இந்தத் தற்கிளர்வு முறையின் வரலாறும் சுவையானது. ஃபாரடே 1831 அக்டோபர் 17-ஆம் நாள் சுருளுக்குள் காந்தத்தைச் செருகி எடுத்து மின்னோட்டம் எழுவதைக் கண்டார். அதே மாதம் 28-ஆம் நாள் பெரிய காந்தத்தின் முனைகளுக்கு இடையே செம்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டே பிக்சி என்ற பிரெஞ்சுக் கருவி வினைஞர் கையால் சுற்றும் மின்னியற்றியைச் செய்துவிட்டார். ஆனால் அவற்றில் இருந்தவை நிலைக்காந்தங்கள். அன்றைய எஃகுக் காந்தங்களின் வலு மிகக் குறைவு. 1866, 1867 ஆண்டுகளில் சீமன்ஸ், வீட்ஸ்டோன், வார்லி ஆகியோர் ஒருவரையொருவர் சாராமல், இயந்திரம் தன் மின்சாரத்தாலேயே தன் காந்தத்தை வளர்த்துக்கொள்ளலாம் என்பதை முன்வைத்தார்கள். பெரும் திறன் கொண்ட மின்னியற்றிகளுக்கு வழி திறந்தது அப்போதுதான்.

முயல்வோன் எழுதியது:

இயந்திரம் தன் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும் என்றால், தன் அச்சையும் தானே ஏன் சுழற்றிக்கொள்ளக் கூடாது? மோட்டார், கனமான சக்கரம், மின்னியற்றி மூன்றையும் பெல்ட்டால் இணைத்து, மின்னியற்றியின் வெளியீட்டில் ஒரு பகுதியை மோட்டாருக்குத் திருப்பிவிட்டு, மீதியில் விளக்குகள் எரியும் காணொளிகளைப் பார்த்திருக்கிறேன். சக்கரத்தின் கனம் ஆற்றலைப் பெருக்குகிறது என்கிறார்கள். இதைச் செய்து பார்க்க விரும்புகிறேன்.

அச்சுத்தண்டு எழுதியது:

நண்பரே, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன்; அதனால்தான் பணத்தைச் செலவிடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டுகிறேன். மோட்டாரின் செயல்திறன் 85 விழுக்காடு, மின்னியற்றியின் செயல்திறனும் 85 விழுக்காடு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மோட்டாருக்கு 1000 வாட் கொடுத்தால் அச்சில் 850 வாட் கிடைக்கும். மின்னியற்றி அதை 722 வாட்டாகத் தரும். பெல்ட்டின் இழப்பை நான் இன்னும் கழிக்கவே இல்லை. திரும்பி வரும் 722 வாட்டைக் கொண்டு 1000 வாட் கேட்கும் மோட்டாரை ஓட்ட வேண்டும், அதற்கு மேல் விளக்கும் எரிய வேண்டும் என்கிறார்கள்.

சக்கரம் ஆற்றலைச் சேமிக்கும், பெருக்காது. 50 கிலோ எடையும் 30 சென்டிமீட்டர் ஆரமும் உள்ள திடமான தட்டு நிமிடத்துக்கு 1500 சுற்று சுழன்றால் அதில் இருப்பது ஏறத்தாழ 28 கிலோஜூல். 1000 வாட் லோடை 28 வினாடி தாங்குவதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அந்த 28 கிலோஜூலையும் தொடக்கத்தில் சுவரில் இருந்த மின்சாரம்தான் கொடுத்தது. தன் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொள்வதும் இலவசமாக நடப்பதில்லை. அந்தக் கூடுதல் ஆற்றலும் எதிர் முறுக்குவிசை வழியாக எஞ்சினிடமிருந்து வாங்கப்பட்டதே. பெருவிரலும் சுட்டுவிரலும் கொண்டு ஸ்டெப்பர் மோட்டாரைத் திருகிப் பாருங்கள். நீங்கள் கொடுக்காமல் அது எதையும் தராது.

அப்படியும் அளந்து பார்க்க விரும்பினால், வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியே அளந்து பெருக்காதீர்கள். மாறுதிசை மின்சாரத்தில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சம் தொடாமல் போகலாம்; அதைக் குறிக்கும் திறன் காரணியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் உண்மையைவிடக் கூடுதலான வாட் கிடைத்தது போலத் தோன்றும். வாட்மீட்டரைப் பயன்படுத்துங்கள்.

முயல்வோன் எழுதியது:

28 வினாடிக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. பெரிய மின்நிலையங்களிலும் இதே எதிர் முறுக்குவிசைதான் இருக்கிறதா? அங்கே அதன் அளவு எவ்வளவு?

காந்தக்கோடு எழுதியது:

அதேதான், அளவு மட்டும் மலைக்க வைக்கும். 500 மெகாவாட் மின்னியற்றி நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடுகிறது என்றால் எதிர் முறுக்குவிசை ஏறத்தாழ 16 லட்சம் நியூட்டன் மீட்டர். ரோட்டாருக்கும், அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் ஸ்டேட்டாருக்கும் நடுவே வெறும் இடைவெளி. பொதுவாக அதில் நிரம்பியிருப்பது ஹைட்ரஜன் வாயு. காற்றைவிட ஏறத்தாழ 14 மடங்கு அடர்த்தி குறைவு என்பதால் சுழற்சிக்குத் தடை குறைகிறது, வெப்பத்தையும் காற்றைவிட நன்றாகக் கடத்துகிறது என்பதால் அதைப் பயன்படுத்துகிறார்கள். 500 மெகாவாட்டும் எந்தப் பற்சக்கரமும் பெல்ட்டும் இல்லாமல் அந்த இடைவெளியைக் காந்தப்புலமாகவே கடக்கின்றன. ரோட்டாரின் புலம் ஸ்டேட்டார் மின்னோட்டத்தின் புலத்தைவிட ஒரு கோண அளவு முன்னே ஓட, பின்னது முன்னதை இழுத்துப் பிடிக்கிறது. நீராவியைக் கூடுதலாகத் திறந்தால் அந்தக் கோணம் விரிந்து, வெளியேறும் திறன் கூடுகிறது.

எதிர் முறுக்குவிசை எத்தகையது என்பதை, அது திடீரென்று மறையும்போது நன்றாக உணரலாம். மின்தொடரில் பழுது ஏற்பட்டு, இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான பிரேக்கர் திறந்துகொண்டால் மின்னோட்டம் அறுபடுகிறது, எதிர்ப்பும் அதே நொடியில் இல்லாமற்போகிறது. ஆனால் டர்பைனை நீராவி இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அச்சின் வேகம் விர்ரென்று ஏறத் தொடங்கும். அதனால்தான் நீராவி வால்வுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் மூடும்படி அமைக்கப்படுகின்றன. வேகம் ஏறத்தாழ 110 விழுக்காட்டை எட்டினால் தனியான பாதுகாப்பு அமைப்பு இயந்திரத்தையே நிறுத்திவிடும்.

வகுப்பறை எழுதியது:

நீர்மின் நிலையங்களில் டர்பைன் மிக மெதுவாகச் சுற்றுகிறதே, அங்கே 50 ஹெர்ட்ஸ் எப்படிக் கிடைக்கிறது?

இரவுப்பணி எழுதியது:

காந்த முனைகளைக் கூட்டிவிடுவார்கள். முனைகளின் எண்ணிக்கையையும் நிமிடச் சுற்றையும் பெருக்கி 120-ஆல் வகுத்தால் அதிர்வெண். 2 முனை என்றால் 3000 சுற்று, 4 முனை என்றால் 1500 சுற்று, 40 முனை வைத்தால் 150 சுற்றே போதும். மெதுவாகச் சுற்றுவதால் அதே திறனுக்கு முறுக்குவிசை பல மடங்காகும். ஆகவே ரோட்டார் அகன்று பருத்திருக்கும். கிடைக்கும் ஆற்றல் நீரின் எடையில் இருந்து வருகிறது. வினாடிக்கு ஒரு கனமீட்டர் நீர் 100 மீட்டர் இறங்கினால் இழப்பு நீங்கலாக 981 கிலோவாட்.

வகுப்பறை எழுதியது:

இழப்புகள் என்று பலரும் குறிப்பிட்டீர்கள். உள்ளகத்தை ஒரே இரும்புக் கட்டியாக வார்க்காமல் தகடுகளாக அடுக்குவது அதற்காகத்தானே?

அச்சுத்தண்டு எழுதியது:

ஆம். மாறும் காந்தப்பாயம் செம்புச் சுருளுக்கும் இரும்புக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. இரும்பும் மின்கடத்திதான் என்பதால் அதற்குள்ளும் சுழல் மின்னோட்டம் எழுந்து வெப்பமாக வீணாகும். அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ தடிமன் உள்ள சிலிக்கான் எஃகுத் தகடுகளை, இடையே காப்புப் பூச்சிட்டு அடுக்கினால் அந்த மின்னோட்டத்தின் பாதை துண்டாடப்படுகிறது. தகட்டின் தடிமன் பாதியானால் இந்த இழப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். இரும்பின் காந்தத் திசை மாறி மாறித் திரும்புவதால் வரும் காந்தத் தயக்க இழப்பும் செம்பின் மின்தடை இழப்பும் இதோடு சேரும். இவை அனைத்தையும் கழித்த பிறகும் பெரிய மின்னியற்றிகள் 98 விழுக்காட்டுக்கு மேல் செயல்திறன் காட்டுகின்றன. வெப்ப ஆற்றலை இயக்கமாக மாற்றும் கட்டத்தில்தான் பெரும்பகுதி போகிறது. இயக்கத்தை மின்சாரமாக மாற்றும் கட்டம் இவ்வளவு சிக்கனமானது என்பதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்லலாம்.

முயல்வோன் எழுதியது:

இன்னொரு கேள்வி மட்டும். சூரியத் தகடுகளில் சுழலும் பாகமே இல்லை. அங்கே எதிர் முறுக்குவிசைக்கு இடமில்லை அல்லவா?

காந்தக்கோடு எழுதியது:

இல்லை. ஒளி நேரடியாகக் குறைகடத்தியில் மின்னூட்டங்களைப் பிரிக்கிறது. ஆற்றல் கணக்கு ஒளித்துகளான ஃபோட்டானோடு முடிந்துவிடுகிறது. ஆனால் இதனால் மின்தொகுப்புக்கு ஒரு விளைவு உண்டு. சுழலும் மின்னியற்றிகளில் ரோட்டாரும் டர்பைனும் சேர்ந்து, முழுத் திறனைச் சில வினாடிகளுக்கு வழங்கக்கூடிய இயக்க ஆற்றலைச் சுமந்துகொண்டிருக்கின்றன. திடீரென்று லோடு கூடும்போது கவர்னர் விழித்துக்கொள்வதற்கு முன்பே அந்த ஆற்றல் எதிர் முறுக்குவிசை வழியாகத் தானாக வெளியேறி அதிர்வெண் சரிவதைத் தாமதப்படுத்துகிறது. இரவுப்பணி அவர்கள் லிஃப்ட் எடுக்கும்போது மீட்டரில் பார்ப்பதும் இதன் சிறு வடிவமே. இன்வெர்ட்டர் வழியாக இணையும் சூரியத் தகடுகளுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. அதனால், அவை மிகுந்துள்ள தொகுப்புகளில் பேட்டரியோடு இணைந்த இன்வெர்ட்டர்களை நொடிக்குள் திறன் வழங்கும்படி அமைக்கிறார்கள். சில இடங்களில் டர்பைன் ஏதுமின்றி, சுழலும் நிறையை வழங்குவதற்காகவே, தொகுப்பின் அதிர்வெண்ணோடு ஒத்துச் சுழலும் ஒத்தியங்கு இயந்திரங்களை மின்தொகுப்போடு இணைத்துச் சுற்றவிட்டிருக்கிறார்கள்.